கோழிக்குத் தண்ணி வைக்கிற பானை

லாரி ஜாக்கி நழுவி, கியர் போடுகிற இடது கையில் மூன்று விரல் கூழாகி, கட்டோடு ராசப்பன் வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு அவன் பெண்டாட்டி சென்னியம்மாள் கேட்ட முதல் கேள்வி: "டிபன் கேரியர் எங்கீங்க?" அதை அவன் இன்னும் விழுங்கவில்லை. தொண்டையிலேயே நிற்கிறது.

கை போனதோடு வண்டியும் போனது. மோகனூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் கொட்டப் போனான். அவளும் அங்கேதான் முட்டை பொறுக்கினாள். பிள்ளை இல்லை.

சாமான்தான் அவளுக்குப் பிள்ளை. தண்ணீர்ச் சொம்பைத் தினமும் கழுவி, அன்றைக்குத்தான் கடையில் எடுத்தவள் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்கே நசுங்கல், எப்படிப் பிடித்தால் சிந்தாது என்று தெரிந்து வைத்திருந்தாள். கீழே வைத்தால் சத்தமே வராது. வீட்டுக் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற மண்பானை விரிசல் விட்டபோது சிமெண்ட் பூசிக் கம்பி கட்டினாள்.

"ஏனுங்கக்கா, சொம்புக்கு ஒரு பொட்டும் வெச்சுருங்க" என்பாள் பக்கத்து வீட்டு அமுதவல்லி.

"வெச்சா அதையும் நாந்தான கழுவோணும்?"

ராசப்பன் கையை மட்டும் அவள் தொட்டுப் பார்த்ததில்லை. வலிக்குதா என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் அவன் காத்துக் கிடந்தான்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு ராசப்பன் சொம்பைத் தரையில் ணங்கென்று வைப்பான். அவள் உடம்பு தூக்கிப்போடும். அடுத்த தடவை இன்னும் ஓங்கி வைப்பான். ஒரு நாள் டிபன் கேரியரை அவள் கண்ணெதிரே வாசலில் விட்டெறிந்தான்.

"இதத்தான கேட்ட? நல்லாப் பாத்துக்க!"

அமுதவல்லிதான் பொறுக்கி வந்தாள். "மனுசனாண்ணா நீங்க?"

"இந்த ஊட்டுல என்னைய மனுசன்னு யாரு பாத்தா?"

சென்னியம்மாள் கேரியரை வாங்கி நசுங்கலைத் தடவிப் பார்த்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் கிட்டே கூப்பிட்டாள். இப்போதாவது கேட்பாள் என்று குனிந்தான். அவன் இடது கையை எடுத்து, சொம்பைப் பார்க்கிற மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நமக்குப் புள்ள இல்ல. சுடுகாட்டுல நீங்கதான் பானையத் தோள்ல வெச்சுச் சுத்தி ஒடைக்கோணும். புதுசு வாங்காதீங்க, கோழிப் பானையே போதும். ரொம்பத் தண்ணி ஊத்த உடாதீங்க, இந்தக் கையி தாங்காது. வெரல்ல புடிக்காதீங்க. உள்ளங்கையில முட்டுக் குடுத்துத் தூக்குங்க."