அக்காவுக்கு நான் ஊட்டிய கோபம்

அக்காவின் பறியை அவள் நாத்தனார் ஒரு குச்சியால் தள்ளிவிட்டாள். கையால் தொடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், ஓலையில் பின்னிய அந்தப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் குந்தியபடி வரிசையாக நகர்வார்கள். ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்தில் அந்த வரிசையில் இருபது வருஷமாக நாத்தனாருக்குப் பக்கத்து இடம் என் அக்காவுடையது. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்த மறுவாரமே, "உன் சீக்கு தண்ணியில எறங்கும் அண்ணி. நாங்கல்லாம் புள்ளகுட்டிக்காரங்க. நீ கரையிலயே இரு" என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடலுக்குப் போகும் மாமா தன் தங்கையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேரையும் அன்றைக்கே ஏரியில் பிடித்து அமுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மீஞ்சூரில் என் வீட்டுக்கு அக்காவை அழைத்து வந்துவிட்டேன். அங்கிருந்து ரயிலில் சென்னை ஆஸ்பத்திரி. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, "போதும்டி. ஊருல நான் செத்தவதான். யாருக்காக இத்தினி ஊசி?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே அங்கே ஒரு மேடம் இருந்தார். நல்லவர்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் மன்னிச்சிடுங்கம்மா, மனசு லேசாகும்" என்றார். அக்கா அதற்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கஞ்சியை அப்படியே தள்ளி வைத்தாள்.

அன்றுதான் நான் என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். "உன் எடத்துல அவ பொண்ண எறக்கிட்டாளாம். பறி நெறைய இறாலாம். நீ இனிமே திரும்ப மாட்டேன்னு சொல்லிச் சிரிக்கிறாளாம்" என்று அளந்துவிட்டேன். எனக்கு ஊரிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. அத்தனையும் பொய். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாது, எம் பக்கத்துலயா?" என்றவள் கஞ்சியை எடுத்துக் குடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு புதுப் பொய் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் இனித்தது.

எல்லாம் முடிந்து, இனி தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நானும் அவளோடு படகேறினேன். நாத்தனார் நாலு பேர் முன்னால் நாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? வரிசையில் அவள் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது. பாசமெல்லாம் இல்லை, அந்த இடத்தில் இறங்க மற்றவர்களுக்குப் பயம். நாத்தனார் முகம் செத்துப்போய், "வா அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அக்கா பறியைக் கடித்துக்கொண்டு குந்திவிட்டாள். வாயில் பறி இருப்பவள் எப்படித் திட்டுவாள்?

கரையேறியதும் அக்காவிடம் கத்தினேன். அக்கா சிரித்தாள்.

"அவ பொண்ணு எளாவூருல புருசன் வூட்டுல முழுகாம கீறாடி. மாமா அப்பவே போன்ல சொல்லிட்டாரு. நீ வுட்டதெல்லாம் புருடான்னு எனுக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டுக்கினே இருந்த?"

"எனுக்காக ஒருத்தி இப்டி எரியுறாளேன்னுதான். வேற யாரு கீறா எனுக்கு?"

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். ஆனால் கோபம் தணியவில்லை. போன மாதம் நாத்தனார் எனக்கென்று ஒரு பை இறால் கருவாடு அக்காவிடம் கொடுத்தனுப்பினாள். அக்கா பார்க்கப் பார்க்கத் தெருநாய்க்குக் கொட்டினேன்.

"எனுக்குக் கட்டி போச்சு. உனுக்குத்தான் இன்னும் போவல" என்றாள் அக்கா.

"போவாது" என்றேன். பையை நன்றாக உதறி, மடித்து, அவள் கையில் கொடுத்தேன். "இத அவகிட்டயே குடு. நாய் துன்னுச்சுன்னு சொல்லு."