கண் சிறுத்த வலை

அந்த வலையின் கண்ணுக்குள் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. லக்கல ஊருக்குப் பக்கத்துக் குளமொன்றில், தண்ணீருக்குள் நின்ற பட்டமரத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். தோணியிலிருந்தபடி அதை இழுத்தெடுத்தவர் மீனவர் சங்கத் தலைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வலை நிறையத் திலாப்பியா மீன்குஞ்சுகள், பாதிக்கு மேல் செத்திருந்தன. முடிச்சைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளுத்தது. அது அவர் கணவர் போடும் முடிச்சு.

அப்போது நான் தம்புள்ளையில், மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் தரம் பார்ப்பவளாக இருந்தேன். குஞ்சுகளை விட்டுவிட்டு வளர்ந்த மீனை மட்டும் பிடிக்கும் குளம் என்று சான்றிதழ் கிடைத்தால், வெளிநாட்டில் அந்த மீனுக்குத் தனி மதிப்பு. அதை நம்பி எல்லோரையும் பெரிய கண் வலைக்கு மாற்றியவர் அக்காதான். பரிசோதகர் மறுநாள் வருவதாக இருந்தது.

கரைக்கு வந்ததும் அக்கா கணவரின் முன்னால் வலையைப் போட்டார். அவர் மறுக்கவில்லை. "பெரிய மீனு வர்ற வரைக்கும் வயிறு காத்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். குளத்துக்குள் இருப்பது இந்த ஒரு வலை மட்டுமல்ல என்பது அந்த மௌனத்தில்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் பரிசோதகர் கேட்குமுன்பே அக்கா சொல்லிவிட்டார்: "இது எங்க வீட்டு வலைங்க. இன்னும் இருக்கும், தேடிப் பாருங்க."

சான்றிதழ் கிடைக்கவில்லை. கம்பனியும் அங்கே மீன் வாங்குவதை நிறுத்தியது. "ஒங்கள யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டவர்கள் வேறொருவரைத் தலைவராக்கினார்கள். அக்காவின் தோணியில் யாரோ ஓட்டை போட்டார்கள். அதை அடைத்துவிட்டு அவர் மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். துடுப்புப் போடக் கணவர் வரவில்லை. ஒரே வீட்டில் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

போன மாதம் அங்கே போனேன். கரை நெடுகப் பாய்களில் விரல் நீள மீன்கள் காய்ந்தன. கருவாட்டு வியாபாரியின் லொறி பட்டப்பகலில் நின்றது; இப்போது யாரும் எதையும் ஒளிப்பதில்லை. "அதுவும் கொறைஞ்சிக்கிட்டே வருது தங்கச்சி" என்றபடி அக்கா தன் பெரிய கண் வலையைத் தூக்கினார். நீர் மட்டும் வடிந்தது.

"நாளைக்கும் போடுவீங்களா அக்கா?"

"போடத்தான் வேணும். ஆனா தாய் மீனு ஒண்ணாவது மிஞ்சியிருந்தா, அது என் வலையில மாட்டக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் போடுறேன்."

நான் குளத்தைப் பார்த்தேன். அத்தனை அகன்ற நீரில் ஒரு நீர்க்காகம்கூட மூழ்கி எழவில்லை.