அரசனுக்கு என்ன குரல்?

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஜெபராஜ் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நாங்கள் இருக்கும் இந்த வடக்கத்தி நகரத்தில் தாபோடிப் பகுதிக்காரன். அவன் அப்பா தெற்கே நாசரேத்திலிருந்து ராணுவ ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஜெபராஜ் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் - வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஹிந்தியில் குரல் கொடுக்கிறான். அவன் ஹிந்தியைக் கேட்டால் லக்னோவில் பிறந்தவன் என்று சத்தியமே செய்வீர்கள்.

டிவியில் அவன் பேசிய மாயாஜாலத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆங்கில நாவலைத் தொடராக்கியிருந்தார்கள். நாவலில் வெள்ளைக்காரியாக இருந்த ராணி, இதில் கறுப்பினப் பெண்.

"எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டுவந்து நுழைக்கணுமா?" என்று அலுத்துக்கொண்டேன். நாவலைப் படித்தவள் என்ற திமிர்.

அடுத்த காட்சியில் சேற்றிலிருந்து ஒரு பூதம் எழுந்தது. அதற்குத்தான் ஜெபராஜ் குரல். "அய்யோ ஜீ..." என்று ஆரம்பித்து, நம் ஊர்க்காரர் புதிதாக ஹிந்தி பேசுவதைப் போல ஒரு இழுவை. விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இங்கிலீஷ்ல இந்தப் பூதம் எல்லாரையும் மாதிரிதான் பேசும்க்கா. மதராஸி ஸ்டைல்ல பேசுன்னு இங்க டைரக்டர்தான் சொன்னாரு. எனக்கு அப்படிப் பேச வராது. எங்கப்பா கடைக்காரங்ககிட்ட ஹிந்தியில பேசுததைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகுனேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ராணியின் நிறத்தில் இருந்த அரசியல் நொடியில் தெரிந்ததே, பூதத்தின் நாக்கில் இருந்தது ஏன் தெரியவில்லை? தொடரில் ராஜகுமாரன் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுகிறான். சேற்றில் கிடப்பவன் மட்டும் நம்மைப் போலப் பேசுகிறான். இதுவும் ஒரு பிரசாரம்தானே? நமக்கு உறுத்தினால் அரசியல், பழகிப்போனால் காமெடி... இப்படித்தான் பெயர் வைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது.

ஆனால் அவன் வந்தது வேறு விஷயமாக. இரண்டாவது சீசனில் அந்தப் பூதம்தான் உண்மையான வாரிசு என்று தெரிந்து, அரசனாகிறது. செவ்வாய்க்கிழமை ரெக்கார்டிங்.

"இப்ப டைரக்டரு, அந்த இழுவை வேண்டாம், உன் சுத்த ஹிந்தியிலயே பேசுங்காருக்கா. ஏன் சார்னு கேட்டேன். 'அரே, இப்படிப் பேசுற ஆளை யாரு ராஜான்னு நம்புவா'ங்காரு."

"நல்லதுதானப்பா. கிண்டல் ஒழிஞ்சுதே" என்றேன்.

"சேத்துல கிடந்தப்ப எங்கப்பா குரல் வேணும். சிம்மாசனத்துல ஏறுனா வேண்டாமாக்கா? அவரு தெனமும் அதைப் பாக்காரு. தன்னை மாதிரிதான் பேசுதுன்னு அவருக்குத் தெரியும். ஒரு தடவையாவது ராஜாவா பேசிக் கேக்கட்டுமே."

முரண்டு பிடித்தால் அந்த ஸ்டுடியோவில் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று எச்சரித்தேன். தெரியும் என்றான்.

செவ்வாய்க்கிழமை கோத்ரூட் ஸ்டுடியோவில், முடிசூட்டு விழாப் பேச்சைத் தன் அப்பாவைப் போலவே பேசினானாம். கோமாளித்தனத்தை மட்டும் எடுத்துவிட்டு, நிதானமாக. டைரக்டர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று கூடச் சொன்னார். பிறகு அந்தக் குரலுக்கு வேறொருவரை வரவழைத்தார்.

நேற்று டிரெய்லர் வந்தது. அரசர் மிகச் சுத்தமான ஹிந்தி பேசுகிறார்... எந்த ஊர்க்காரர் என்றுதான் தெரியவில்லை.