சிலிண்டர் தீர்ந்த ஞாயிறு

அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் பையைத் திறக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு. பிள்ளைப்பாக்கம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும், அம்மா இறங்குவாள், நாலடி நடப்பதற்குள் பை என் தோளுக்கு மாறிவிடும். உள்ளே காலையில் போன அதே டப்பாக்கள்தான் இருக்கும். ஆனால் காலையில் போன சாப்பாடு இருக்காது. பீட்ரூட் பொரியல் போன டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் வரும். கத்தரிக்காய் கொத்சு போனதில், மாதா கோவில் தெரு அக்கா செய்த கல்கல் இனிப்பு வரும். வாரத்தில் ஆறு நாள் எனக்குத் தீபாவளி.

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. கேன்டீனில் சாப்பாடு உண்டு. ஆனால் அந்தச் சாம்பாரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று அம்மாவின் அசெம்பிளி லைனில் இருந்த பெண்கள் சொல்வார்கள். அதனால் கேன்டீன் சோற்றை மட்டும் தட்டில் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு டப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒரே மேசையில் பரப்பிவிடுவார்கள். சாப்பாட்டோடு கைப்பக்குவமும் கைமாறும். வெண்டைக்காய் வதக்கும்போது ஒரு ஸ்பூன் தயிர் விடு, வத்தக்குழம்பை இறக்கும்போது துளி வெல்லம் போடு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டு வெண்டைக்காய் திடீரென்று ஒருநாள் வழவழப்பில்லாமல் வந்தால், லைனில் யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தி டப்பாவை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போனால், அது வெறுமையாகத் திரும்பி வரக் கூடாது. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

மீறியது தென்காசி அக்காதான். பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். விடுதியின் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு, அம்மா அவளுக்கென்று தனியாக ஒரு டப்பா கட்ட ஆரம்பித்தாள். மறுநாள் அந்த டப்பா பளபளவென்று தேய்த்துக் கழுவி வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. விடுதியில் அடுப்புக்கு அனுமதி இல்லை, அவள் எதைப் போட்டுத் தருவாள்?

இதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. எல்லா டப்பாவும் குலுக்கினால் சத்தம் கேட்கும், அந்த அக்காவின் டப்பா மட்டும் ஊமையாக வரும் என்பதே என் குறை. என் அத்தைக்கும் அதே குறை. அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் வீடு. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அத்தை ருசி பார்த்து "பரவால்ல" என்று சொன்ன பிறகுதான் சமையல்காரர் உட்காருவார். அந்த நாக்கு ருசி பார்ப்பதோடு நின்றுவிடாது. "வெறும் டப்பா வூட்டுக்கு வர்து, நீயும் ரொப்பி ரொப்பி அனுப்பிக்கினு கீற" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

அத்தை சொன்னது அந்த அக்கா காதுக்கு எட்ட வழியில்லை. ஆனால் அவளுக்கே உறுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் டப்பாவை வாங்க மறுத்துவிட்டாள். பசியில்லை என்றாள், வயிறு சரியில்லை என்றாள். அம்மா விடுகிற ஆளா? டப்பாவில் எதுவும் போட வேண்டாம், அதற்குப் பதிலாக உங்கள் ஊர்ச் சமையல் ஒன்றைச் சொல், கணக்கு நேராகிவிடும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நான் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள்.

"அதுல சொதி கீதுடி. நாளைக்குப் பாரு."

மறுநாள் சொதி வந்தது, தென்காசிப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. தேங்காயைத் திருகி, முதல் பால் எடுத்து, அதைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கொதிக்கும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும் என்பது அந்த அக்கா சொன்ன பக்குவம். அம்மா ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே செய்தாள். பால் திரிந்து, பாத்திரத்தில் ஒரு பக்கம் தண்ணீரும் ஒரு பக்கம் திப்பித்திப்பியாக வெள்ளையும் நின்றன. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இன்னொரு தேங்காயை உடைத்தாள். இந்தத் தடவை காய்களை இரண்டாம் பாலில் வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றி, ஆறினதும் எலுமிச்சை பிழிந்தாள். அது தென்காசி அக்காவின் டப்பாவுக்குப் போனது. திரிந்தது எங்கள் தட்டுக்கு வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள். அந்த அக்கா சாப்பிட்டுவிட்டு, தன் அம்மா வைக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொன்னாளாம். நீ சொன்ன மாதிரியேதான் வைத்தேன் என்று அம்மாவும் சொல்லிவிட்டாளாம்.

அடுத்து உளுந்தங்களி. கருப்பட்டிப் பாகு கொதிக்கிறபோது மாவை மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும் என்று அந்த அக்கா சொல்லியிருந்தாள். கொட்டிய மாவு கல் கல்லாகக் கட்டிக்கொண்டது. அப்பாவுக்கு ஒரகடத்தில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்து, இதை பிரேக் ஷூவாகப் போட்டால் லாரியே நிற்கும் என்றார். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றும் கேட்டார்.

"சும்மா இரு. தெரிஞ்சா நாளைலேந்து கை நீட்டாது அது" என்றாள் அம்மா.

அந்த அக்கா கோபக்காரி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எப்படியோ, ஒன்றுக்கு இரண்டு தடவை சமைப்பதும், கெட்டது எங்களுக்கும் நல்லது அவளுக்கும் போவதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இது என்ன நியாயம் என்று கேட்டால் அம்மா என் வாயில் ஒரு கட்டியைத் திணிப்பாள்.

ஆனால் அந்தத் திரிந்த சொதியை அத்தையும் சாப்பிட்டிருந்தாள். ஒரு வாய்தான். அதன்பிறகு, தென்காசிப் பக்கத்துப் பெண் இப்படிச் சொல்லியிருக்க முடியாது, உன் கையில்தான் கோளாறு என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பழியை அம்மா அப்படியே ஏற்றுக்கொண்டாள். கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிடு, அது கையாலேயே சொதி வைக்கட்டும், நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். அம்மா ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். அத்தையிடம் சாக்கு எடுபடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பச்சை சுடிதார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று வார்டனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் நினைத்த மாதிரி கோபக்காரியாகத் தெரியவில்லை. என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். அம்மாவை அக்கா என்றாள், நானும் அவளை அக்கா என்றேன். கம்பெனி முறையில் எல்லோரும் அக்காதான்.

அத்தை நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அத்தையின் காலடியில். தேங்காய் திருகும்போதே அக்கா விரலில் கீறிக்கொண்டாள். அரைத்துப் பால் பிழிந்தது அம்மா. காய் வேகவைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதும் அக்கா லைட்டரை எடுத்து அடுப்பில் வைத்து அழுத்தினாள். டிக், டிக் என்று பொறிதான் வந்தது, தீ வரவில்லை. அடுப்பின் திருகியைத் திறக்காமலே அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கே அது தெரிந்தது, அத்தைக்குத் தெரியாதா? அத்தை மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"எரியலயா? அய்யோ, சிலிண்டர் தீந்துடுச்சா?" என்றபடி அம்மா மேடைக்குக் கீழே குனிந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் அது தெரிந்தது. அம்மாவின் கை ரெகுலேட்டரைத் திருகி மூடியது. பிறகு நிமிர்ந்து, அடுப்பின் திருகியைத் திறந்து, லைட்டரை வாங்கி அவளே அழுத்திக் காட்டினாள். தீ வரவில்லை. "தீந்துதான் போச்சு" என்றாள்.

அந்த சிலிண்டர் வியாழக்கிழமைதான் வந்தது. அதன் வெள்ளை மூடியை நூலோடு பிடுங்கி நான்தான் விளையாட வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். நேராக உள்ளே போய், குனிந்து, சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். நிறைந்த சிலிண்டர். அது அசைந்து கொடுக்கவில்லை. அத்தை அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அந்த அக்காவைப் பார்த்தாள். அவள் விரலில் ரத்தமும் தேங்காய்த் துருவலுமாக, லைட்டர் போன கையை அப்படியே நீட்டியபடி நின்றாள்.

அத்தை சிலிண்டரை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா. காலி. காத்துதான் கீது" என்றாள்.

அடுத்த தெருவில் உன் வீடு இருக்கிறதே, அங்கே போய் வைக்கலாமே என்று அப்பா, பாவம், கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் நேற்றே தீர்ந்துவிட்டது என்று அத்தை சட்டென்று சொல்லிவிட்டாள். அன்று காலையில் அத்தை வீட்டில் சுடச்சுட நாலு தோசை தின்ற வயிறு எனக்கு. நான் அத்தை முகத்தையே பார்த்தேன். அது அசையவில்லை.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போய் பிரியாணி வாங்கி வந்தார். திரிந்த சொதியிலிருந்து தப்பித்த சந்தோஷம் அவர் வண்டி ஓட்டிய வேகத்திலேயே தெரிந்தது. மீந்த தேங்காய்த் துருவலில் அந்த அக்காவே அவலும் வெல்லமும் போட்டுப் பிசைந்தாள். அதற்கு அடுப்பு வேண்டாம். அத்தை அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "பரவால்ல" என்றாள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எதிலும் ஒத்துப்போகாத அம்மாவும் அத்தையும் சேர்ந்து இப்படிச் செய்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்த அக்கா நன்றாகச் சமைத்துப் பேர் வாங்கிவிடுவாள் என்ற பொறாமை. எனக்கு அந்த அக்காவைப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு யாராவது நியாயம் சொல்ல வேண்டாமா? ஷேர் ஆட்டோ ஏற்றிவிடக் கூட்ரோட்டுக்கு நான்தான் கூடப் போனேன். வழியில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, சிலிண்டர் காலியில்ல. எங்கம்மாதான் மூடுனாங்க. நான் பாத்தேன்."

அவள் நின்றுவிட்டாள். "நெசமாவா சொல்லுத?"

"அத்தைக்கும் தெரியும். அவங்க சாச்சுப் பாத்தாங்க."

கோபப்படப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். என் தலையைப் பிடித்துத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் டப்பா வழக்கம்போல் ஊமையாகத்தான் வந்தது. ஆனால் அம்மா வந்ததும் வராததுமாக அத்தைக்கு ஆள் அனுப்பினாள். நடந்ததை அம்மா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரியே அந்த அக்கா ஊருக்குப் போன் போட்டு, சொதி எப்படி வைப்பது என்று தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். படிக்கிற பெண் அடுப்படிக்கு வராதே என்று விரட்டி வளர்த்த அம்மா. யாருக்குட்டி சமைக்கப் போற, மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று அவர் பதறிவிட்டாராம். பிறகு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். காலையில் லைனில் உட்கார்ந்ததும் அந்த அக்கா எங்கள் அம்மாவின் காதில், "யக்கா, நான் இதுவர சொன்னது ஒண்ணும் சரியில்லக்கா. மொதப் பாலக் கொதிக்க விடக் கூடாதாம்" என்றிருக்கிறாள்.

"நீ இன்னா சொன்ன?" என்று அத்தை கேட்டாள்.

"அப்டியா, எனக்குத் தெரியாமப் போச்சேன்னேன்."

அன்று எங்கள் தட்டுக்கும் நல்ல சொதி வந்தது. முதல் வாயிலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. சிலிண்டரை மூடாமல் இருந்திருந்தால் இதை நேற்றே சாப்பிட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டுவிட்டேன். அம்மாவின் கையில் கரண்டி நின்றது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்கு அந்தப் பெண் என்ன செய்தாள் என்று அத்தைதான் கேட்டாள். சிரித்ததையும் கண்ணைத் துடைத்ததையும் என்னைக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் அம்மா எழுந்து, தென்காசி அக்காவின் டப்பாவை எடுத்து, விளிம்புவரை சொதியை ஊற்றினாள். நாளைக்கு அதை அவள் வாங்குவாளா என்று கேட்டேன். அதெல்லாம் வாங்குவாள், நீ சாப்பிடு என்று அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பொய் சொன்னவர்களை நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன், என்னை யாரும் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை, எல்லோரும் ஏன் அழுகிறார்கள்? எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் அந்த சிலிண்டரில் கேஸ் இருந்தது என்பது மட்டும்தான்.