நாயும் கெடாவும் ஜெயம்மாளும்

பக்கவாதத்திலிருந்து எழுந்த ஜெயம்மாளுக்கு முதலில் திரும்பி வந்தது வசவுதான். அதுவும் முன்பைவிடத் தெளிவாக வந்தது. ஆகவே இனி அவளுக்கு ஒரு குறையும் இல்லையென்று அந்த மலைக் கிராமமே நம்பியது. குறை, காதுக்கும் புத்திக்கும் நடுவில் எங்கோ இருந்தது. "சாமைய அறுத்தாச்சு" என்றால் புரிந்துகொள்வாள். "தமிழரசி ஒன்னக் கூப்புடுறா" என்றால், வாசலில் நின்று பக்கத்து வீட்டுத் தமிழரசியைக் கூவிக் கூப்பிடுவாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் சுவேதா விளக்கினாள். "அறுக்கிறதுன்னா ஆளுதான் சாமையை அறுக்கணும். சாமை ஆளை அறுக்காது. அந்தச் சொல்லே பாதி வேலையைச் செஞ்சிடுது. கூப்பிடுறது, துரத்துறது அப்படி இல்ல. யாரு யாரை வேணும்னாலும் துரத்தலாம். அங்கதான் இவங்க மூளை தடுமாறுது." பிறகு ஜெயம்மாளிடம் திரும்பினாள். "முழுசாக் கேளுங்கம்மா, மனசுல படமாப் பாத்துட்டு அப்புறம் எழுந்திருங்க."

புருஷன் வடிவேலுவுக்கு இதில் 'தடுமாறுது' மட்டும் ஏறியது. கரடி நடமாடும் காட்டுக்கு இவளைத் தனியே அனுப்ப முடியாது. ஆடுகளைத் தம்பி ஆதிநாராயணனிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஒற்றைக் குட்டியில் தொடங்கி ஜெயம்மாள் பெருக்கிய மந்தை அது. அவள் சண்டை போடவில்லை. யார் எது சொன்னாலும் கண்ணை மூடிப் படம் பார்த்தாள்.

"சாப்ட வாமேன்னாகூட கண்ண மூடிக்கினு குந்திக்கிற!" என்பார் வடிவேலு.

மந்தையை ஓட்டிப்போக வந்த தம்பி, கொல்லைமேட்டிலிருந்தே கத்தினார். "அண்ணே! எங்க நாய உங்க கெடா தொரத்துது, ஓடியா!"

வடிவேலு தடியோடு பாய்ந்தார். "கெடாவ வுடு, சனியனே!" என்று போகும்போதே நாயைத் திட்டினார்.

ஜெயம்மாள் கண்ணை மூடினாள். திறந்தபோது சிரித்தாள். தடியை எடுக்கவில்லை, ஒரு பிடி முருங்கைத் தழையை ஒடித்துக்கொண்டு நடந்தாள்.

மேட்டில், பாறை உச்சியில் நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே கெடா கொம்பைத் தாழ்த்தி நின்றது. யாரை அடிப்பதென்று தெரியாமல் வடிவேலு நின்றார். தழையைக் கண்டதும் கெடா பரம சாதுவாக ஜெயம்மாள் பின்னால் வந்தது.

"ஏன்யா, ஒன் தம்பி சொன்னது ஒனக்குப் புரியலியா? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டா?"

ஆதிநாராயணன் வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மந்த அண்ணிகிட்டயே இருக்கட்டும்ணே." பயம் கெடாவிடமா, அண்ணியிடமா என்று சொல்லவில்லை.

மறுநாள் ஜெயம்மாள் மந்தையோடு காட்டில் இருந்தாள். வடிவேலு ஒடுகத்தூர் டீக்கடையில் இருந்தார். "எம் பொண்டாட்டி ஒருத்திதான் சரியாக் கேட்டா" என்று வந்தவனிடமெல்லாம் சொன்னார்.

"அப்ப உனக்கு இன்னா ஆச்சு?" என்றான் ஒருவன்.

வடிவேலு கண்ணை மூடிக்கொண்டார்.