மணலுக்கு வாங்கிய தூண்டில்

நான் பிழைக்க வந்த ஊரில் புழுவுக்கு ஐஸ்பெட்டி உண்டு. பிரான்சில், டன்கெர்க் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தூண்டில் கடையில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். கடல்புழுக்களை ஈரக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் அடைத்து, குளிர வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் எங்கள் குப்பத்தில் பிடித்த மீனுக்கே ஐஸ் கிடைக்காமல், அது கெட்டுப்போவதற்குள் விற்றாக வேண்டும் என்று அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவாள். இங்கே மீனுக்குப் போடும் தீனிக்கு இத்தனை உபசாரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் முறைத்தார்.

அவருக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தது அந்த வருஷம்தான். கூட வேலை பார்க்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள் சனிக்கிழமைகளில் கடற்கரையில் கோலை ஊன்றிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்வார்களாம். இவரையும் கூப்பிட்டார்களாம். வீட்டில் நான் நாலு மீன் பொரித்தால் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, "லிஃப்ட் வரைக்கும் நாறுது. இது ஒன்னும் உங்க குப்பம் இல்ல" என்கிற மனுஷன் இவர். வயிற்றுக்காகப் பிடித்தால் நாறும், பொழுதுபோக்குக்குப் பிடித்தால் மணக்கும் போலிருக்கிறது.

கடைக்காரர் பொறுமைசாலி. முதல்தடவை வாங்குகிறவர் என்று தெரிந்ததும் கோலைக் கையில் எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார்: நின்று வீசப்போவது மணலிலா, பாறையிலா? பாறை என்றால் கோல் கொஞ்சம் குட்டையாக, முரடாக இருக்க வேண்டும். ஈயக்குண்டு இடுக்கில் சிக்கும், தூண்டில் நரம்பு தடிமனாக வேண்டும். மணல் என்றால் நாலு மீட்டருக்குக் குறையாத நீளக்கோல், மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடலாம். நரம்பு மெல்லிசாக இருந்தால்தான் அலையைத் தாண்டிப் பறக்கும். ஈயக்குண்டுக்கு நண்டுக்கால் போலக் கம்பிகள் இருக்கும், மணலைக் கவ்விக்கொள்ள. கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், இங்கே பழகிவிட்டு ஆகஸ்டில் பாண்டிச்சேரியில் வீசப்போவதாகப் பெருமையாகச் சொன்னார். காந்தி சிலைக்குக் கீழே தான் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணலைக் கையை விரித்துக் காட்டினார். எட்டு வயதில் ஊரை விட்டவர். பிறகு ஊருக்குப் போன இரண்டு தடவையும் கல்யாணம், விருந்து, துணிக்கடை என்று அலைந்தாரே தவிர கடற்கரைச் சாலைப் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்து, "மணல்தானே?" என்றார்.

அங்கே மணல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அலை ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"மணல்தாங்க" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். ஊருக்குப் போனால் நெல்லித்தோப்பில் அவருடைய அத்தை வீட்டில் தங்குவோம். அங்கிருந்து எங்கள் குப்பத்துக்கு ஆட்டோவில் அரைமணி நேரம்கூட ஆகாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஒரு தடவை வெயில், ஒரு தடவை கொசு. மாப்பிள்ளை உட்கார அம்மா வாங்கிய நாற்காலி, சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் காத்திருந்தது. அவர் அதில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். டவுனில் மணல் இல்லை, துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருக்கிறது. மணலுக்கு வாங்கிய தூண்டில் அவரை அங்கே இழுத்து வந்துதானே ஆக வேண்டும்?

கடைக்காரர் என்னிடமும் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தார். மதாமும் மீன் பிடிப்பீர்களா என்றார். என் அப்பா தினமும் பிடிக்கிறார் என்றேன். கொடுத்துவைத்தவர், ஓய்வு பெற்ற பிறகு நானும் அப்படித்தான் இருக்கப்போகிறேன் என்று அவர் கண்ணை மூடி ஆசைப்பட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு, மாமனாருக்குப் படகுகள் இருக்கின்றன என்றார். படகுகள்! அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகில் கால் பங்கு இருந்தது. சுனாமியில் அதுவும் போய், அடுத்தவர் படகில் கூலிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக என்னைப் பற்றி ஊராரிடம் இவர் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஆகஸ்டில் கடற்கரைச் சாலையில் நீளப் பையைத் தோளில் மாட்டி இறங்கியவர், கருங்கற்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மணல் போயி எத்தினி வருசம் ஆச்சு, ஒனக்கு யாருமே சொல்லலியா?" என்று அத்தை மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ரோஷத்தில் ஒரு தடவை வீசினார். ஈயக்குண்டு கல்லிடுக்கில் மாட்டி, மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்தது. "மீனு வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்க சார்" என்று காற்று வாங்க வந்த யாரோ சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

"எங்க ஊர்ல மணல் இருக்குங்க" என்றேன்.

மறுநாள் காலையில் போனோம். அம்மா பிறர் வலையில் விழுந்த வஞ்சிரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அப்பாவுக்குப் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் பெட்டிமேல் இருந்தது. காரை விட்டு இறங்கிய என் கணவர் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காத்து நல்லாருக்கு, அப்புறம் வரேன்" என்று நேரே கரைக்குப் போய்விட்டார். அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய அப்பா, ஈர லுங்கியும் தலையில் துண்டுமாக, மாப்பிள்ளையைக் கூப்பிட அந்தப் பக்கமே நடந்தார். அவர்கள் பார்த்துக்கொண்டது கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அப்பாவுக்கு மை பூசிய தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. சுனாமிக்குப் பிறகு அவர் பாதி ஆளாகிவிட்டார்.

நான் பின்னாலேயே போனேன். இவர் தூண்டிலில் ஒரு கெளுத்தி மாட்டித் துள்ளியது. அதன் முள் குத்தினால் கை வீங்கிவிடும். இவர் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். "ஏய் பெருசு! இத எடு, சீக்கிரம் எடு!" அப்பா குனிந்து முள்ளை ஒடித்து, கொக்கியைக் கழற்றி, மீனை மணலில் போட்டார். இவர் பையில் துழாவி ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். "இந்தா, டீ குடி."

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒருவன் "யோவ், அவரு..." என்று எழுந்தான். அப்பா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். என்னைப் பார்த்தார். நோட்டை வாங்கிக்கொண்டார்.

என்னைத் தாண்டும்போது, "மாப்ளகிட்ட வாங்காம வேற யார்கிட்ட வாங்குறது?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "நான் வூட்டுக்கு வந்தா அவருக்குச் சங்கடமாப் பூடும். நீ கூட்டிம்போயி சோறு போடு" என்றார். சாப்பாட்டு நேரம் முழுக்க அப்பா மீன் ஏலக்கூடத்துப் பக்கம் ஒளிந்திருந்தார். மாப்பிள்ளை பிளாஸ்டிக் உறை பிரித்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "மாமா எங்க, கடலுக்குப் போயிட்டாரா?" என்று விசாரித்தார். "இங்கதான இருந்தாரு" என்று அம்மா தெருவை எட்டி எட்டிப் பார்த்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

திரும்பும்போது காரில் அவருக்கு நல்ல மனநிலை. "உங்கம்மா சமையல் பிரமாதம். கரையில ஒரு பெருசு இருந்தான், அவனும் கெட்டிக்காரன்" என்றார்.

"அவர்தான் எங்கப்பா."

அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முன்னாடியே சொல்லக்கூடாதா? அம்பது குடுத்திருப்பேனே" என்றார்.

பிரான்சுக்குக் கிளம்புமுன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளத் தனியாகப் போனேன். பையிலிருந்து கோலின் நடுத்துண்டை மட்டும் உருவி, புடவையில் சுற்றி எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன். டன்கெர்க் வந்த முதல் சனிக்கிழமை, இரண்டு வெள்ளைக்காரர்கள் பார்த்திருக்க, மேல்துண்டை அடித்துண்டில் செருகப் பார்த்தார் என் கணவர். அது சேரவில்லை. விமானக்காரன் தொலைத்துவிட்டான் என்று இன்றுவரை திட்டுகிறார். நான் அவரைத் திருத்தவில்லை, திருத்தப்போவதும் இல்லை. அம்மா அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் கயிறு கட்டித் துணிக்கொடியாகத் தொங்கவிட்டிருக்கிறாளாம். அன்றைக்குப் போடாமல் விட்ட புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அப்பா இப்போது கூலிக்குப் போகிறாராம். துவைத்தால் அதில்தான் காய்கிறதாம்.

மேலும் கீழும் இங்கே கிடக்கிறது, நடு அங்கே தொங்குகிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அவர் அந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது, நான் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு மீன் பொரிக்கிறேன்.