தார்ப்பாய்க்குள் கைமரங்கள்

குரங்கணியில் நாங்கள் வீடு கட்டியபோது, கூரைக்குக் கைமரங்களை ஏற்றிய மறுநாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடு இன்னும் வந்து சேரவில்லை. போடியில் இருந்த ஆசாரி போனில் சொன்னார்: "மேலாப்புல ஒரு தார்ப்பாயத் தூக்கிக் கட்டுங்கண்ணே. பக்கமெல்லாம் தெறந்தே கெடக்கட்டும்."

நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பல வருடமாக வேலை பார்க்கிறவன். உலர்ந்த காயில் ஈரக்காற்றுகூடப் படாதபடி பையை இறுக்கிக் கட்டியே பழகிய கை. பக்கம் திறந்திருந்தால் சாரல் அடிக்குமே என்று தார்ப்பாயை நாலு பக்கமும் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். உலர்ந்த காயைத்தான் அப்படிக் கட்டுவோம், ஈரக்காயை யாரும் கட்டமாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. மரம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஆறாம் நாள் மழை விட்டதும் ஆசாரி வந்தார். ராசிங்காபுரத்திலிருந்து என் மச்சினனும் ஜீப்பில் வந்திருந்தான். அவன் கட்டப்போகும் வீட்டுக்கும் இவரைத்தான் பேசி வைத்திருந்தான். ஆசாரி ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்ததும் சோற்றுப் பானையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. கைமரங்களின் அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. எங்கும் கரும்புள்ளி. ஒரு மரம் முறுக்கிக்கொண்டு நின்றது.

"என்ன ஆசாரியாரே, ஓடு போடுறதுக்கு முன்னாடியே கூரைக்கு வயசாயிருச்சு" என்றான் மச்சினன். "ஒண்ணுக்கும் ஆகாத மரத்த எங்க மாமா தலையில கட்டிட்டீராக்கும். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

ஆசாரி அடுத்த பக்கத்தில் இன்னும் அவிழ்க்காத முடிச்சைப் பார்த்தார். ஸ்டோரில் மூட்டைக்குப் போடும் முடிச்சு அது. பிறகு என்னைப் பார்த்தார். ஏணியைச் சாத்தி மேலே ஏறினார். கையில் வந்த வேலை போகிற நேரத்திலும் அவர் ஒவ்வொரு மரத்தையும் துணியால் துடைத்து, நகத்தால் கீறி, தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள கெட்டுப் போகல. பத்து நாள் காத்து வாங்குனாச் சரியாப் போகும். அந்த ஒண்ண மட்டும் மாத்திருவோம்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மச்சினன் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிவிட்டான்.

"நாந்தான் மூடிக் கட்டுனேன். அவரு தெறந்து விடத்தான் சொன்னாரு" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். "மரத்தையும் மூட்டை கட்டிட்டீகளா மாமா?"

"முடிச்சு நல்ல முடிச்சுதான் தம்பி. அவுக்கத்தான் சங்கடம்" என்றார் ஆசாரி, மேலிருந்தபடியே.

மச்சினன் சிரித்துக்கொண்டே ஏணியைப் பிடித்துக்கொண்டான். "சரி, நம்ம வீட்டுக்கு எப்ப வாறீக?"

"மொதல்ல இது காயட்டும்."

பத்து நாளும் அவர் முதல் பஸ்சில் வந்து, ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தார். நானும் பின்னாலேயே ஏறி, அவர் கை வைத்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன்.